எஸ்ட்ராடா மீதான ஊழல் வழக்கு உண்மையானதா, அரசியல் பழிவாங்கலா?

பிலிப்பைன்ஸ் நடிகரும் முன்னாள் அதிபருமான ஜோசப் எஸ்ட்ராடா உண்மையிலேயே ஊழல் செய்தாரா, அல்லது மேல்தட்டு வர்க்கம் கூடி அவரைக் கவிழ்த்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆயுள் தண்டனை பெற்ற ஒருவருக்கு மக்கள் மறுபடியும் எப்படி வாக்களித்தார்கள் என்பது உங்கள் துணைக்கேள்வி. என்னைக் கேட்டால் இரண்டுமே நடந்தன என்பேன். அவர் பணம் வாங்கியது நீதிமன்றத்தில் வங்கி ஆவணங்களைக் கொண்டு நிறுவப்பட்டது. அவரைப் பதவியிலிருந்து இறக்கிய விதமோ அரசியலமைப்பு வகுத்த வழியில் கடைசி வரை செல்லவில்லை. அவருடைய ஆதரவாளர்கள் இரண்டாவதை மட்டும் பேசுவார்கள், எதிர்ப்பாளர்கள் முதலாவதை மட்டும் பேசுவார்கள். அதனால்தான் இந்த விவாதம் அந்த நாட்டில் இன்றும் தீரவில்லை.

திரையில் ஏழைகளின் காவலனாக வந்த எஸ்ட்ராடா ஏழை வீட்டுப் பிள்ளை இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1937-இல் மணிலாவின் டோண்டோ பகுதியில் பிறந்தாலும், அவருடைய தந்தை அரசுப் பொறியாளர். குடும்பம் வசதியான நடுத்தர வர்க்கத்தைச் சேர்ந்தது. பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சினிமாவுக்குப் போன மகன் குடும்பப் பெயரான எஹெர்சிட்டோவைப் பயன்படுத்தக் கூடாது என்று வீட்டில் தடுத்ததால்தான் எஸ்ட்ராடா என்ற பெயரை வைத்துக்கொண்டார். டோண்டோவின் புகழ்பெற்ற ரவுடி ஒருவனின் வாழ்க்கையைச் சொன்ன 1961-ஆம் ஆண்டுப் படம் அவரைப் பெரிய நடிகராக்கியது. அதன் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் சேரிவாசியாகவும் தொழிலாளியாகவும் அநியாயத்தைத் தட்டிக்கேட்கும் முரடனாகவும் நடித்தார். மக்கள் அவரை ‘எராப்’ என்று தோழனை அழைப்பதுபோல் அழைத்தார்கள்.

புகழை மட்டும் வைத்துக்கொண்டு ஒரே பாய்ச்சலில் அதிபர் நாற்காலியில் அமர்ந்தவர் என்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் உண்டு. அது சரியில்லை. 1969-இல் மணிலாவை ஒட்டியுள்ள சான் ஹுவானின் மேயரானவர், 1986-இல் சர்வாதிகாரி மார்கோஸின் ஆட்சி வீழ்ந்து புதிய அரசு உள்ளாட்சித் தலைவர்களை மாற்றும் வரை, பதினாறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பதவியில் இருந்தார். 1987-இல், மார்கோஸுக்குப் பின் அதிபரான கோரி அக்கினோவின் அலை வீசிய செனட் தேர்தலில் எதிரணியிலிருந்து தேறிய இருவரில் அவர் ஒருவர். 1991 செப்டம்பரில் அமெரிக்க இராணுவத் தளங்களை நீட்டிக்கும் ஒப்பந்தத்தை செனட் நிராகரித்தபோது, நிராகரித்து வாக்களித்த 12 பேரில் அவரும் இருந்தார். 1992-இல் துணை அதிபரானார். ஆக, 1998-இல் அதிபர் தேர்தலில் நின்றபோது அவருக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு அரசியல் அனுபவம் இருந்தது.

அந்தத் தேர்தலில் ஒரு கோடியே ஏழு லட்சம் வாக்குகள், அதாவது சுமார் 40 சதவீதம், அவருக்குக் கிடைத்தன. பிலிப்பைன்ஸில் அதிபர் தேர்தலுக்கு இரண்டாம் சுற்று கிடையாது; பல முனைப் போட்டியில் அதிக வாக்குப் பெற்றவரே வெற்றியாளர். அந்தக் கணக்கில் 40 சதவீதம் என்பது மாபெரும் வெற்றி. இன்னொரு விதியும் பின்னால் முக்கியமாகிவிட்டது: அங்கே துணை அதிபரைத் தனியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். எனவே எஸ்ட்ராடாவுக்குத் துணையாக வந்தவர் எதிரணியைச் சேர்ந்த குளோரியா மக்கபகால் அரோயோ. அதிபர் விழுந்தால் ஆட்சி நேராக எதிரணியின் கைக்குப் போகும் என்ற நிலை முதல் நாளிலிருந்தே இருந்தது.

இனி பணத்துக்கு வருகிறேன். வழக்கின் நடுநாயகம் ‘ஹுவெடெங்’ என்ற சட்டவிரோத எண் சூதாட்டம். 1 முதல் 37 வரையிலான எண்களில் இரண்டைச் சொல்லிப் பணம் கட்ட வேண்டும்; ஒரு பெசோகூடக் கட்டலாம். பணம் வாங்குகிற ஆள் வீடு வீடாக வந்து, எண்களைச் சிறு தாளில் குறித்துக்கொண்டு போவான். நேற்றிரவு கண்ட கனவுக்கு எந்த எண் பொருந்தும் என்று அவனிடமே ஆலோசனை கேட்கிறவர்களும் உண்டு. பிறகு எண் பொறித்த சிறு குண்டுகளைக் குடுவையில் குலுக்கி இரண்டை எடுப்பார்கள். இத்தனை பகிரங்கமாக ஒரு சட்டவிரோதத் தொழில் நடக்க வேண்டுமானால் காவல்துறையிலிருந்து மாகாண ஆளுநர் வரை மாமூல் போய்ச்சேர வேண்டும், போய்ச்சேர்ந்தது. எஸ்ட்ராடா காலத்தில் அந்த மாமூல் சங்கிலியின் மேல்நுனி அதிபர் மாளிகையான மலக்கன்யாங்கிலேயே இருந்தது என்பதுதான் குற்றச்சாட்டு.

இதை வெளியே சொன்னவர் நேர்மையின் உருவம் ஒன்றும் இல்லை. ஈலோக்கோஸ் சுர் மாகாண ஆளுநரும் எஸ்ட்ராடாவின் நெடுநாள் நண்பருமான சாவித் சிங்சன், ஹுவெடெங் வசூலில் சுமார் 40 கோடி பெசோவைத் தானே அதிபரிடம் சேர்த்ததாகவும், தன் மாகாணத்துக்கு வர வேண்டிய புகையிலை வரிப் பங்கிலிருந்து 13 கோடி பெசோ எடுத்துக் கொடுத்ததாகவும் 2000 அக்டோபரில் அறிவித்தார். அரசு அனுமதியோடு வரவிருந்த ஒரு பிங்கோ ஆட்டத்தின் உரிமை அவருடைய மாகாணத்தில் அவருடைய எதிரிகளுக்குப் போனதுதான் கோபத்துக்குக் காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது. பங்காளிச் சண்டையில்தான் வண்டவாளம் தண்டவாளம் ஏறியது. ஆனால் சிங்சன் வெறுங்கையோடு வரவில்லை. வசூல் விவரங்கள் எழுதிய கணக்கேடுகள் அவரிடம் இருந்தன.

2000 நவம்பரில் கீழவை பதவிநீக்கத் தீர்மானத்தை செனட்டுக்கு அனுப்பியது. டிசம்பர் 7-ஆம் தேதி தலைமை நீதிபதி ஹிலாரியோ டாவிடே முன்னிலையில் விசாரணை தொடங்கியது. அது தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாக, நாடே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. அந்த விசாரணையில் என் மனதில் நிற்பது டிசம்பர் 22-ஆம் தேதி சாட்சியம்தான். ஈக்விடபிள் பிசிஐ வங்கியின் மூத்த அதிகாரி கிளாரிசா ஒகாம்போ சாட்சிக் கூண்டில் அமர்ந்து, அந்த ஆண்டு பிப்ரவரி 4-ஆம் தேதி தான் மலக்கன்யாங்குக்கு ஆவணங்களைக் கொண்டுபோனதாகவும், 50 கோடி பெசோ தொடர்பான அந்தத் தாள்களில் அதிபர் ‘ஹோசே வெலார்டே’ என்ற பெயரில் கையெழுத்திட்டதாகவும், அப்போது தான் அவருக்கு ஓரடி தூரத்தில் இருந்ததாகவும் சொன்னார். குரலை உயர்த்தாமல், மிகைப்படுத்தாமல், வங்கிக்காரர்கள் பேசுகிற மாதிரியே பேசினார். கையெழுத்துப் போட்டதைப் பிற்பாடு எஸ்ட்ராடா மறுக்கவில்லை; கணக்கு தன்னுடையது இல்லை, ஒரு தொழிலதிபர் நண்பருடையது என்று வாதிட்டார். ஒரு நாட்டின் அதிபர் நண்பருடைய கணக்குக்காகப் பொய்ப் பெயரில் ஏன் கையெழுத்திட வேண்டும் என்ற கேள்விக்கு நம்பத்தகுந்த பதில் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

விசாரணை அதன் போக்கில் முடிந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். 2001 ஜனவரி 16 அன்று, அந்தக் கணக்கு பற்றிய ஆதாரம் இருப்பதாகச் சொல்லப்பட்ட, வங்கி அனுப்பிய ஓர் உறையைத் திறப்பதா வேண்டாமா என்ற வாக்கெடுப்பில் 11 செனட்டர்கள் வேண்டாம் என்றும் 10 பேர் திறக்கலாம் என்றும் வாக்களித்தனர். உறை மூடியே கிடந்தது. குற்றம் சாட்டிய தரப்பினர் எழுந்து போய்விட்டனர். அன்றிரவே கைப்பேசிக் குறுஞ்செய்திகளில் அழைப்புப் பரவி, 1986-இல் மார்கோஸை விரட்டிய அதே எட்சா நெடுஞ்சாலையில் மக்கள் திரண்டார்கள். 19-ஆம் தேதி படைத்தலைவர் ஆதரவை விலக்கிக்கொண்டார். மறுநாள் தலைமை நீதிபதி அரோயோவுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். எஸ்ட்ராடா குடும்பத்தோடு மலக்கன்யாங்கின் பின்புறமுள்ள பாசிக் ஆற்றைப் படகில் கடந்து வெளியேறினார். அவர் ராஜினாமா கடிதம் கொடுக்கவே இல்லை. அவருடைய நடத்தையையும் பேச்சையும் வைத்துப் பார்த்தால் ராஜினாமா செய்ததாகவே கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. அதற்கு அவருடைய செயலாளரின் நாட்குறிப்பு பத்திரிகையில் வெளியானதையும் ஆதாரமாக எடுத்துக்கொண்டது. சட்டம் தெரிந்த பலருக்கே அந்தத் தர்க்கம் நெருடலாக இருந்தது என்றால், சேரியில் இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? ஏப்ரல் 25-ஆம் தேதி அவர் கைதானபோது ஏழை மக்கள் பெருந்திரளாக எட்சாவை நிறைத்தார்கள். மே 1 அன்று அக்கூட்டத்தின் ஒரு பகுதி மலக்கன்யாங்கை நோக்கிப் போனதில் உயிர்கள் போயின. முதல் கூட்டத்தை ‘மக்கள் சக்தி’ என்று போற்றியவர்கள் இரண்டாவது கூட்டத்தைக் கலகக் கும்பல் என்றார்கள். அந்தப் பாகுபாட்டை அந்த மக்கள் மறக்கவில்லை.

வழக்கு, ஊழல் வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றமான சாண்டிகன்பயானில் ஆறு ஆண்டுகளுக்கும் மேல் நடந்தது. 5 கோடி பெசோவும் அதற்கு மேலும் முறைகேடாகத் தொடர்ந்து சேர்த்தால் ‘கொள்ளை’ என்ற தனிக் குற்றம் என்று சொல்லும் சட்டம் அங்கே உண்டு. அது 1991-இல், எஸ்ட்ராடா செனட்டராக இருந்த காலத்தில் இயற்றப்பட்டது. 2007 செப்டம்பர் 12 அன்று நீதிமன்றம் அவரை அந்தச் சட்டத்தின்கீழ் குற்றவாளி என்று அறிவித்து ஆயுள் தண்டனை விதித்தது. இரண்டு விஷயங்கள் நிரூபணமாயின: ஹுவெடெங் வசூலில் 54.5 கோடி பெசோ பெற்றது ஒன்று. தொழிலாளர்கள், அரசு ஊழியர்கள் ஆகியோரின் ஓய்வூதிய நிதிகளை பெல் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தின் பங்குகளை 184 கோடி பெசோவுக்கு மேல் கொடுத்து வாங்க வைத்து, அதில் 18.97 கோடி தரகு பெற்றது இன்னொன்று. செய்திகளில் சூதாட்டமே பெரிதாகப் பேசப்பட்டது. எனக்கோ இரண்டாவதுதான் கனமான குற்றமாகத் தெரிகிறது, ஏனென்றால் அது யாரை அவர் காப்பதாகச் சொன்னாரோ அவர்களுடைய முதுமைக்காலச் சேமிப்பு. புகையிலை வரிக் குற்றச்சாட்டு அவர்மீது நிரூபணமாகவில்லை. அவருடைய மகன் ஹிங்கோய் எஸ்ட்ராடாவும் வழக்கறிஞர் ஒருவரும் விடுவிக்கப்பட்டனர். பழிவாங்குவதற்காகவே எழுதிய தீர்ப்பு இப்படிப் பிரித்துப் பார்த்திருக்காது என்பது என் எண்ணம்.

ஆறே வாரங்களில் அரோயோ அவருக்கு மன்னிப்பு வழங்கினார். தன்மீதும் ஊழல் புகார்கள் குவிந்திருந்த நேரத்தில் எதிரணியைச் சாந்தப்படுத்த அவருக்கு அது தேவைப்பட்டது என்று அப்போதே விமர்சித்தார்கள். அந்த மன்னிப்பு ஆணையிலேயே, பறிமுதல் செய்யப்பட்டவை பறிமுதலானவைதாம், பதவிக்கு முன்பே அவருக்கு இருந்த வங்கிக் கணக்குகள் மட்டும் விலக்கு என்று எழுதியிருந்தது. இனி எந்தத் தேர்தல் பதவிக்கும் போட்டியிடப் போவதில்லை என்று அவர் பகிரங்கமாக உறுதியளித்ததும் அதில் இடம்பெற்றது. ஆனாலும் 2010 அதிபர் தேர்தலில் நின்று 94 லட்சம் வாக்குகளுக்கு மேல் பெற்று இரண்டாம் இடம் பிடித்தார். 2013-இல் மணிலா மேயரானார். மன்னிப்பு முழுமையானது, அவர் போட்டியிட்டது செல்லும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் 11-க்கு 3 என்ற பெரும்பான்மையில் சொன்னது.

அவர் மேயராக இருந்த காலத்தில் நான் மணிலாவில் கப்பல் சரக்குத் துறையில் வேலை பார்த்தேன். பகலில் லாரிகள் நகருக்குள் வரக் கூடாது என்று 2014 பிப்ரவரியில் அவர் தடை விதித்ததால், மணிலாத் துறைமுகத்தில் கொள்கலன்கள் மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. அந்தத் தடையால் நேரடியாக வருமானம் இழந்தவர்கள் லாரி ஓட்டுநர்கள். ஆனால் எங்களிடம் வந்துபோன டோண்டோக்கார ஓட்டுநர் ஒருவர், தடையைத் திட்டித் தீர்த்தபின், வாக்கு எராப்புக்குத்தான் என்றார். கோர்ட்டு தீர்ப்பைப் பற்றிக் கேட்டபோது, மற்றவர்கள் வாங்கவில்லையா, அவர்களில் எத்தனை பேர் சிறைக்குப் போனார்கள் என்று திருப்பிக் கேட்டார். அவர் எஸ்ட்ராடாவைக் குற்றமற்றவர் என்று நம்பவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பல தலைமுறைகளாக நிலமும் பதவியும் ஒன்றாகவே வைத்திருக்கும் குடும்பங்கள் ஆளும் நாட்டில், முதன்முதலாகக் கொள்ளைச் சட்டத்தில் தண்டிக்கப்பட்ட அதிபர் ஏழைகளின் வாக்கில் வென்றவராக இருந்ததுதான் அவருக்கு உறுத்தியது. அந்த உறுத்தலில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது தீர்ப்பைப் பொய்யாக்காது.

2016-இல் மூவாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் தப்பிய எஸ்ட்ராடா, 2019-இல் மேயர் தேர்தலில் தோற்றார். தோற்கடித்தவர் 2013-இல் அவரோடு சேர்ந்து நின்று மறுபடியும் துணை மேயரான இஸ்கோ மொரேனோ. அவரும் டோண்டோவில் பிறந்த நடிகர்தான். அவர் மட்டும் உண்மையிலேயே அங்கே குப்பை பொறுக்கி வளர்ந்தவர்.