குறைத்த எடை ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: இரவுச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தி 9 கிலோ குறைத்தேன். பழையபடி சாப்பிட ஆரம்பித்ததும் எல்லாம் ஏறிவிட்டது. எடை ஏறாமலிருக்க எப்படிச் சாப்பிட வேண்டும்?

பதில்: மனஉறுதி போதவில்லை என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். எடை குறைந்ததும் பசியடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது. ஓராண்டு கழிந்தும் இந்த மாற்றம் நீடித்ததை 2011-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் கலோரியும் குறைந்துவிடுகிறது. ஆக, எடை குறைந்தவருக்கு முன்பைவிடக் குறைவான சாப்பாடே போதும், பசியோ அதிகம். அதனால்தான் பழைய அளவுக்குத் திரும்பியதும் எடை ஏறியது.

எனவே ஐந்து வருடம் கழித்தும் இப்படியே சாப்பிட முடியுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் அந்த முறையைத் தொடங்கவே வேண்டாம். இரவில் சாப்பிடுங்கள், அளவாக.

பசியோடு மல்லுக்கட்டுவதைவிட, வயிறு நிறையும்படி சாப்பிடுவது எளிது. ஒவ்வொரு வேளையும் முட்டை, மீன், பருப்பு, தயிர் என ஏதாவது ஒரு புரதம் இருக்கட்டும். தட்டில் பாதி காய்கறியாக இருக்கட்டும். அதில் பெரும்பகுதி நீரும் நார்ச்சத்தும்தான். ஆனால் எண்ணெயில் கை தாராளமாகப் போனால் கலோரிக் கணக்கு மாறிவிடும். ஒரு கிராம் புரதத்தில் 4 கலோரி, கொழுப்பில் 9.

நான் மிகவும் வற்புறுத்துவது பாக்கெட் உணவைக் குறைப்பதைத்தான். அமெரிக்காவில் 2019-இல் வெளியான ஆய்வில் 20 பேருக்கு இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்து, வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னார்கள். பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஏறக்குறைய சமம். ஆனாலும் பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். இனிப்புப் பானங்களையும் விட்டுவிடுங்கள். கலோரி சேரும், வயிறு நிறையாது.

வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலே நல்ல வேகம். அப்புறம், வாரம் ஒருமுறை எடை பாருங்கள். இரண்டு கிலோ ஏறும்போதே சரிசெய்துவிடலாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், சாப்பாட்டைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். மருந்தின் அளவை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.