வெல்டு வலுவும் விரிசலும்: கனரக எந்திரப் பாகங்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சார், 8 மி.மீ. லெக் (தகட்டை ஒட்டிய பக்க அளவு) உள்ள ஃபில்லட் (மூலை வெல்டு) எவ்வளவு சுமை தாங்கும்?

பதில்: லெக்கை வைத்துக் கணக்குப் போடக் கூடாது, த்ரோட்டை, அதாவது அடிமூலையிலிருந்து வெல்டின் முகம் வரையுள்ள குறைந்தபட்சத் தடிமனை வைத்துப் போடுங்கள். 8 × 0.707 = 5.66 மி.மீ. 7018 என்ற வெல்டிங் ராடின் இழுவலிமை சுமார் 480 மெகாபாஸ்கல். அதில் 30 சதவீதம், அதாவது 145 வரை அனுமதி. 100 மி.மீ. நீள வெல்டுக்கு 8 டன் சொச்சம் வரும். அசையாத சுமைக்குத்தான் இந்தக் கணக்கு.

கேள்வி: பத்தலைன்னா லெக்கை 12 ஆக்கிடலாமா?

பதில்: வலு ஒன்றரை மடங்காகும், ஊற்றும் உலோகமோ 2.25 மடங்கு. தகடும் சூட்டில் இழுத்துக் கோணிக்கொள்ளும். இடமிருந்தால் நீளத்தைக் கூட்டுங்கள்.

கேள்வி: எக்ஸ்கவேட்டர் பூமில் (மண் அள்ளும் எந்திரத்தின் கையில்) பிராக்கெட் ஓரமாக விரிசல். மேலே தடிமனாக வெல்டு போட்டும் அதே இடத்தில் திரும்ப வருகிறது. என்ன செய்வது?

பதில்: விரிசல் எங்கே ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். வெல்டின் நடுவே ஓடினால் வேரிலிருந்து (வெல்டின் அடிமூலையிலிருந்து) கிளம்பியது. த்ரோட் போதவில்லை, அல்லது உள்ளே உருகவில்லை. வெல்டு முடிந்து தகடு தொடங்கும் விளிம்பில் ஓடினால் அது டோ விரிசல். அதற்கு வெல்டைப் பெரிதாக்கிப் பயனில்லை, விளிம்பின் கூர்மைதான் காரணம். இரண்டிலும் பழைய விரிசலை மூடி மேலே ராடு ஓட்டினால் அடியில் இருப்பது வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

விரிசலின் இரு நுனிகளையும் டை பெனட்ரன்ட்டில் (விரிசலைக் காட்டும் சாயத்தில்) கண்டுபிடித்து, நுனியைத் தாண்டித் துளை போடுங்கள். விரிசல் முழுவதும் போகும்வரை கௌஜ் செய்து (தோண்டியெடுத்து), மறுபடி டை அடித்துச் சோதித்தபின் நிரப்புங்கள். கடைசியில் டோவை பர் கிரைண்டரால் (சிறு சுழல் அரத்தால்) வழித்துவிடுங்கள்: அண்டர்கட்டின் (வெல்டு விளிம்பில் தகடு அரிபட்ட பள்ளத்தின்) அடியிலிருந்து இன்னும் 0.5 மி.மீ. ஆழம், கிரைண்டிங் கோடுகள் சுமையின் திசையிலேயே. வெல்டின் முகத்தைத் தேய்த்துச் சமமாக்காதீர்கள், த்ரோட் போய்விடும்.

கேள்வி: 690 கிரேடு (உயர்வலிமை எஃகு) தகட்டுக்கு மாறினால் ஆயுள் கூடுமா?

பதில்: வெல்டு போட்டபடியே விட்டால் ஆயுள் அதிகரிக்காது. களைப்பு வலிமை (மீண்டும் மீண்டும் வரும் சுமையைத் தாங்கும் திறன்) தகட்டின் கிரேடைப் பார்ப்பதில்லை, இணைப்பின் வடிவத்தைத்தான் பார்க்கிறது. மெல்லிய தகடு போட்டு அழுத்த வீச்சை (ஏறி இறங்கும் அழுத்தத்தின் வித்தியாசத்தை) இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

கேள்வி: அண்ணா, ஈ.என்.8 (நடுத்தரக் கார்பன் எஃகு) ஷாஃப்ட்டில் தகடு வெல்டு பண்ணினேன். மறுநாள் பிளந்துவிட்டது!

பதில்: ஹைட்ரஜன் விரிசல் (ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் வெல்டுக்குள் புகுவதால் வருவது), தம்பி. ஈ.என்.8-இல் கார்பன் 0.4 சதவீதம்; வேகமாக ஆறினால் வெல்டை ஒட்டிய பகுதி கண்ணாடி மாதிரி நொறுங்கும். ஷாஃப்ட்டை 200 டிகிரி வரை சூடேற்றிக்கொள்ளுங்கள். ஈரம்பட்ட 7018-ஐ 300–350 டிகிரியில் 2 மணி நேரம் சுட்டபின் எடுங்கள். முடிந்ததும் கம்பளியால் மூடி மெதுவாக ஆறவிடுங்கள். சாதாரணக் கம்பளி எரிந்துவிடும், செராமிக் கம்பளி வேண்டும். சோதனையை 48 மணி நேரம் கழித்து வையுங்கள். உடனே பார்த்தால் ஒன்றும் தெரியாது.