சொல்லாமல் இழுத்தடிக்கும் காதலன்

கேள்வி: 1914-ல் ராயபுரத்தில் நடக்கும் ஒரு சரித்திரக் காதல் நாவல் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆட்கள் எல்லாரும் எங்கள் தெருக்காரர்கள் மாதிரியே இருக்கிறார்கள். ஆனால், ரங்கூனுக்கு ஓடிப்போன அண்ணன் வைத்துவிட்டுப் போன கடனைத் தான் அடைத்து வருவதை நாயகன் முந்நூறு பக்கம் தாண்டியும் காதலியிடம் சொல்லவில்லை. ஒரே எரிச்சல். மேலே படிக்கலாமா, மூடி வைத்துவிடலாமா?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் எரிச்சல் நியாயமானதுதான் அம்மா. அந்த நாவலை நானும் படித்தேன்.

அந்தப் பெண் எப்பேர்ப்பட்டவள்? மீன்கூடையை இறக்கி வைப்பதற்குள் செவுளைத் தூக்கிப் பார்த்து, 'இது நேற்றைய மீன்' என்று சொல்லிவிடுகிறவள். காசிமேட்டுப் பக்கம் இன்றைக்கும் அப்படிப் பெண்கள் உண்டு. அவளுக்கு, தன்னைக் கட்டப்போகிறவன் சம்பள நாளில் மட்டும் முகம் செத்து வருவது கண்ணில் படாதா? என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாளா? கேட்டால் நூறாம் பக்கத்திலேயே கதை முடிந்துவிடும். அதற்காக ஆசிரியர் அவள் வாயைக் கட்டிவிட்டார். அவ்வளவு உயிரோடு படைத்த பெண்ணுக்கு அவரே செய்த அநியாயம் அது.

இன்னொன்று. நான் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவள். எந்த வீட்டுக்குக் கடன்காரர் வந்து போனார் என்பது தண்ணீர் பிடிக்கும் வரிசையிலேயே தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் எழுத்துத் தெரியாத வீடுகளில் தபால்காரரே கடிதத்தைப் படித்துக் காட்டுவதும் உண்டு. நாயகனின் தாய்க்கோ எழுத்துத் தெரியாது. ரங்கூன் கடிதத்தைத் திண்ணையில் வைத்துப் படித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காதா?

அதே நாவலில் நாயகியின் தாயைப் பாருங்கள். தாலியைச் சௌகார்பேட்டையில் அடகு வைத்துவிட்டு, கயிற்றில் மஞ்சள் துண்டைக் கோத்துக் கட்டியிருக்கிறாள். குனியும்போதெல்லாம் மாராப்பை இழுத்து மூடிக்கொள்கிறாள். மகள் பார்த்துவிடுகிறாள், ஆனால் கேட்கவில்லை. மகளுக்குத் தெரியும் என்று தாய்க்கும் தெரியும். அங்கே எனக்கு எரிச்சல் வரவில்லை, நெஞ்சு அடைத்தது. வாய்விட்டுச் சொன்னால் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்ப்பார்கள்?

நாயகன் உண்மையைக் கொட்டியிருக்க வேண்டிய இடம் எம்டன் இரவு. 1914 செப்டம்பர் 22 அன்று இரவு அந்த ஜெர்மன் கப்பல் குண்டு போட்டதில் துறைமுகத்துப் பக்கம் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அதன் பிறகு ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுக் கிளம்பியது சரித்திரம். 'நீயும் எங்களோடு வா' என்று அவள் கையைப் பிடிக்கிறாள். வட்டி கட்ட வேண்டியிருப்பதால் அவனால் ஊரைவிட்டு நகர முடியாது. அவன் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து ஒரு தொட்டி வெடிக்கிறது! புத்தகத்தைத் தூக்கி எறியலாம் போல இருந்தது எனக்கு.

இருந்தாலும் மூடி வைக்காதீர்கள். அந்தத் தாய்க்காகவே கடைசிவரை படியுங்கள்.

கேள்வி: நானும் அந்தக் கால வடசென்னையை வைத்து ஒரு நாவல் எழுத ஆசைப்படுகிறேன். விவரங்கள் எங்கே கிடைக்கும்?
– ஒரு கல்லூரி மாணவர், வியாசர்பாடி

பதில்: எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். அந்த வருஷத்துச் சுதேசமித்திரன் இதழ்களைத் தேடிப் படியுங்கள். செய்திகளோடு விளம்பரங்களையும் விடாதீர்கள். உங்கள் நாயகி எந்தக் கடையில் என்ன வாங்கியிருப்பாள் என்பது அங்கேதான் தெரியும்.