விரலுக்குள் வெளிச்சம்: மூட்டு அழற்சியை ஒளியால் பார்ப்பது பற்றிக் கேள்வி பதில்

(நான் இமேஜிங் கருவிகளோடு வேலை செய்கிறவன், மருத்துவன் அல்ல. மாத்திரை பற்றிக் கேட்டால் டாக்டரிடம்தான் அனுப்புவேன்.)

கேள்வி: சார், வெளிச்சம் விட்டே முடக்குவாதத்தைக் கண்டுபிடிக்கலாமாமே, நிஜமா?

ஓரளவு நிஜம். இருட்டில் செல்போன் டார்ச்சை விரலால் பொத்திப் பாருங்கள், விரல் செக்கச்செவேல் என்று இருக்கும். பச்சையையும் நீலத்தையும் ரத்தம் விழுங்கிவிடும். சிவப்புதான் தப்பி வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி இன்னும் ஆழம் போகும். நல்ல மூட்டில் இருக்கிற திரவம் தெளிவாக இருக்கும். அழற்சி வந்தால் வெள்ளை அணுக்கள் சேர்ந்து கலங்கிவிடும்; மூட்டின் உள்சவ்வு தடிக்கும், அதில் புது ரத்தக் குழாய்கள் முளைக்கும். கலங்கல் ஒளியைச் சிதறடிக்கும், ரத்தம் குடித்துவிடும். மிச்சம் எவ்வளவு வருகிறது என்று கேமரா அளக்கிறது. கொரோனா நேரத்தில் வீட்டுக்கு வீடு வாங்கினோமே ஆக்சிமீட்டர், அதுவும் இதற்குச் சொந்தம்தான்.

கேள்வி: ஊசி உண்டா அண்ணா? எனக்கு ஊசி என்றாலே பயம்.

கருவியைப் பொறுத்தது. நெதர்லாந்தின் ஹேண்ட்ஸ்கேனில் கிடையாது. இரண்டு கையையும் உள்ளே நீட்டினால், முன்கையில் பட்டை இறுகி ரத்த ஓட்டத்தைக் கொஞ்சம் தடுக்கும். அதற்கு ஒவ்வொரு மூட்டும் எப்படி மாறுகிறது என்று பார்க்கும். ஜெர்மனியின் சைராலைட்டில் ஊசி உண்டு. இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தை ரத்தக் குழாயில் ஏற்றி, நொடிக்கு ஒரு படம், 6 நிமிடத்தில் 360 படம் எடுப்பார்கள். அழற்சி உள்ள மூட்டு பளிச்சென்று மின்னும். கண் டாக்டர்களுக்குப் பழகிய சாயம்தான்; ஈரல் வெளியேற்றிவிடும். அயோடின் அலர்ஜி இருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. இது உதவுமா?

உதவாது. விரல் மெலிசு, ஒளி கடந்துவிடும். முழங்காலுக்கு அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ.தான்.

கேள்வி: நம் நிறத்துக்குச் சரியாகக் காட்டுமா?

நல்ல கேள்வி. தோலுக்கு நிறம் தருகிற மெலனினும் ஒளியை உறிஞ்சும். ஆக்சிமீட்டரே கருத்த தோலில் ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டுவதுண்டு. ஆகவே எந்தக் கருவியையும் நம் தோலில் சோதித்தார்களா என்று கேட்கத்தான் வேண்டும்.

கேள்வி: காலையில் ஒரு மணி நேரம் விரல் மடங்கமாட்டேன் என்கிறது. எக்ஸ்ரே நார்மல். இந்த ஸ்கேன் எடுக்கட்டுமா?

இதைத் தேடி அலையாதீர்கள். அழற்சி இருக்கிறதா என்றுதான் ஒளி சொல்லும்; முடக்குவாதமா, சொரியாசிஸ் தோல் நோயோடு வருகிற வாதமா என்று பிரித்துச் சொல்லாது. எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு தெரிவதற்குள் நாளாகிவிடும். ருமட்டாலஜிஸ்டிடம் (மூட்டுவாத டாக்டர்) போய் அந்த ஒரு மணி நேரக் கதையை முதலில் சொல்லுங்கள். சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டுவது), ஆன்டி-சி.சி.பி. (முடக்குவாதத்தின் அடையாளத்தைத் தேடுவது) என்ற ரத்தப் பரிசோதனைகளை எழுதுவார், தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்டும். 'நார்மல்' என்ற அந்த ஒரு ரிப்போர்ட்டை நம்பி ஆறு மாதம் ஓட்டிவிடாதீர்கள்.