பார்க்கின்சன் வந்தவர்கள் கவிதை எழுதுவதால் ஏதாவது பயன் உண்டா?

உண்டு. ஆனால் நடுக்கம் நிற்கும், மாத்திரையைக் குறைத்துவிடலாம் என்ற எண்ணத்தில் நோட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். அது நடக்காது. எங்கள் அப்பச்சிக்குச் சில ஆண்டுகளாக இந்த நோய். கானாடுகாத்தான் பக்கம் ஊர். கூட இருந்து பார்த்துக்கொள்கிற மகளாக, நான் கண்டதைச் சொல்கிறேன்.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இதை 'நடுக்குவாதம்' என்றுதான் எழுதினார். இன்றைக்கும் எல்லாரும் நடுக்கத்தைப் பற்றியே விசாரிக்கிறார்கள். நொடிக்கு 4 முதல் 6 தடவை ஆடும் கை கண்ணில் படுகிறது, அதனால்தான். வீட்டில் இருப்பவர்களுக்குக் கஷ்டம் வேறு இடத்தில். முகத் தசைகள் இறுகிவிடுவதால் சிரிப்பு முகத்துக்கு வந்து சேராது. குரல் இறங்கிவிடும், பேசுகிறவருக்கோ தான் எப்போதும் போலத்தான் பேசுகிறோம் என்று தோன்றும். வந்து போகிற சொந்தக்காரர்கள் "அண்ணனுக்கு நம்ம மேல ஏதும் வருத்தமா?" என்று கேட்டார்கள். ஆத்தாவுக்கே அந்தச் சந்தேகம் கொஞ்ச நாள் இருந்தது.

அப்படி இருக்கையில் ஒரு நாள் இதை எழுதிக் கொடுத்தார்:

பொத்தான் பூட்டி முடிக்கும் முன்னே பொழுது விடிஞ்சாச்சு
விடிஞ்ச பின்னும் விரலுக் கென்னவோ தூக்கம் கலையலே
கலையாத் தூக்கக் கையில் காப்பி டம்ளர் ஆடுது
ஆடும் டம்ளர் பார்த்துப் பேரன் தாளம் போடுறான்

ஆத்தா வாய்விட்டுச் சிரித்தார்கள். எழுதியவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. ஆனால் மனிதருடைய பழைய கிண்டல் கொஞ்சமும் குறையவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்துபோயிற்று. என்னைக் கேட்டால் கவிதையின் பெரிய பயன் இதுதான். முகமும் குரலும் சொல்ல மறுப்பதைத் தாள் சொல்லிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். அவராகவே அந்தாதி முறைக்குப் போனார். ஒரு வரி முடிந்த சொல்லை வைத்தே அடுத்த வரியைத் தொடங்குவது. இந்த நோயில், உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற வேதிப்பொருளை மூளையில் சுரக்கும் செல்கள் அழிந்துகொண்டே போகின்றன. அதனால் ஒரு செயலைத் தானாகத் தொடங்குவதுதான் பெரிய சிக்கல். நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டதைப் போல நின்றுவிடும். வெளியிலிருந்து ஒரு குறிப்புக் கிடைத்தால், தரையில் ஒரு கோடோ காதில் ஒரு தாளமோ கிடைத்தால், பலருக்கு அதே கால் நகர்ந்துவிடும். எங்கள் வீட்டில் அந்தக் கோட்டுக்குப் பஞ்சமில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. "ஒவ்வொரு கல்லாத் தாண்டி வாங்க" என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தார், பட்டாலையை, அதாவது வீட்டின் கூடத்தை, கடந்துவிடுகிறார். பாட்டிலும் அப்படித்தான் என்பது என் ஊகம். முந்தைய வரியின் கடைசிச் சொல் அடுத்த அடிக்குக் கல்லாக நிற்கிறது. வெற்றுத் தாளைக் கொடுத்து "உங்க மனசுல உள்ளதை எழுதுங்க" என்றால் அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார். எதுகை, மோனை எல்லாம் பழைய சுமை என்பவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

கையெழுத்து விஷயத்திலும் பாட்டுக்கு ஒரு வசதி இருக்கிறது. இந்த நோயில் எழுத எழுத எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். நீண்ட வரியின் முடிவில் எறும்பு அளவுக்கு வந்துவிடும். பாட்டு வரி சின்னது. அடுத்த வரிக்குப் போகும்போது அப்பச்சி மறுபடி பெரிய எழுத்தில் தொடங்குகிறார். அகலக் கோடு போட்ட நோட்டும் தடித்த பேனாவும் வாங்கிக் கொடுங்கள். எழுதவே முடியாத நாளில் அவர் சொல்ல நீங்கள் எழுதுங்கள், அல்லது போனில் பதிவு செய்யுங்கள். மாத்திரை வேலை செய்கிற நேரம் எது என்று பார்த்துக்கொள்வது முக்கியம். லெவோடோபா என்ற அந்த மாத்திரையின் வேகம் இறங்கிய நேரத்தில் நோட்டை நீட்டினால் எரிச்சல்தான் மிஞ்சும்.

எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர் பட்டாலையிலிருந்து படிப்பார், ஆத்தா வீட்டின் உள்பக்கம், இரண்டாம் கட்டிலிருந்து "கேக்கலே" என்பார்கள். அவருக்குக் கத்துவதைப் போலத் தோன்றுகிற அளவில் படித்தால்தான் நமக்குச் சாதாரணப் பேச்சாகக் கேட்கும். பேச்சுப் பயிற்சியிலும் இதையேதான் சொல்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. டோபமைன் மருந்து தொடங்கிய பிறகு, முன்பு எழுதியே பழக்கமில்லாத சிலர் திடீரென்று ஓவியம், கவிதை என்று இறங்கியது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் அதே மருந்துகள் சிலருக்குச் சூதாட்டம், கண்டதையெல்லாம் வாங்கிக் குவிப்பது என்று அடக்க முடியாத வேகத்தையும் கொண்டுவரும். தூக்கத்தைவிட்டு விடிய விடிய எழுதினால் மகிழ்ந்துபோகாமல் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

"எங்க வீட்டுல யாரும் புலவர் இல்லையே" என்று தயங்க வேண்டாம். ச. கணேசன் 1939-இல் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கிய சீமை இது. பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஐயாக்கள்கூட நாலு பாட்டு மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆச்சிமார்களிடம் தாலாட்டு இருக்கிறது. பிள்ளைக்கு மாமன்மார் வாங்கி வந்த சீரையெல்லாம் வரிசையாக அடுக்குகிற அந்த மெட்டிலேயே, இன்றைக்குக் காலையிலிருந்து நடந்ததை அடுக்கச் சொல்லுங்கள். எந்த ஊராக இருந்தாலும் அவர்கள் காதில் ஏற்கெனவே இருக்கிற மெட்டுதான் சுலபம்.

ஒன்றே ஒன்று: தேறுதல் சொல்வதைப் போல "ஆஹா, பிரமாதம்" என்று மட்டும் தலையாட்டாதீர்கள். போன மாதம் சித்தப்பா வந்து, ஒரு வெண்பாவில் தளை தட்டுகிறது, சீரோடு சீர் இலக்கணப்படி சேரவில்லை என்றார். அப்பச்சிக்கு வந்ததே கோபம். அன்று இரண்டாம் கட்டில் இருந்த ஆத்தா "கேக்கலே" என்று சொல்லவில்லை. தளை தட்டியது உண்மைதான். அப்பச்சி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.