டேக் என்றால் துருக்கிய மொழியில் அல்மக் தானே? பிறகு ஏன் சிரிக்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் துருக்கிய மொழி படிக்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறதாம். ஆங்கில 'டேக்' என்ற சொல்லுக்குச் செயலி 'அல்மக்' என்று காட்டியிருக்கிறது. அதை நம்பி பஸ், போட்டோ, மாத்திரை எல்லாவற்றுக்கும் அல்மக் போட்டுப் பேசினால் எதிரே இருக்கும் துருக்கியர் சிரிக்கிறாராம். ஏன் என்று கேட்கிறார்.

நண்பரே, அவர் சிரித்ததில் தப்பே இல்லை. நீங்கள் 'ஒத்தோபுஸ் அல்தும்' என்று சொல்லியிருப்பீர்கள். அதற்கு 'நான் ஒரு பஸ் வாங்கினேன்' என்று அர்த்தம். நானும் இஸ்தான்புல் போன முதல் வாரத்தில் 'தக்ஸி அல்தும்' என்று பெருமையாகச் சொன்னவன்தான். அந்த ஊரில் டாக்ஸி ஓட்ட உரிமமாக இருக்கும் நம்பர் தகடுகளின் எண்ணிக்கையைப் பல பத்தாண்டுகளாக 17,395 என்றே நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரு தகடு வாங்க வீட்டை விற்றாலும் பத்தாது. முதல் மாதச் சம்பளம்கூட வாங்காத பையன் டாக்ஸி வாங்கிவிட்டேன் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

என் அனுபவத்தில் கோளாறு அல்மக்கில் இல்லை, நடுவில் உட்கார்ந்திருக்கும் ஆங்கிலத்தில்தான். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து துருக்கிக்குப் போகிறோம். மதுரையிலிருந்து தேனிக்குப் போக சென்னை போய்த் திரும்பி வருவது மாதிரி. 'டேக்' ஒரு சந்தைக் கூடை, எதை வேண்டுமானாலும் அதில் போடுவார்கள். அந்தச் சொல்லே ஆங்கிலத்துக்குச் சொந்தமில்லை. பழைய ஆங்கிலத்தில் இதற்கு 'நிமன்' என்ற சொல் இருந்தது, ஜெர்மானியர்கள் இன்றும் 'நேமென்' என்கிறார்களே, அதன் உறவு. ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்தவர்களின் 'டாக்கா' உள்ளே நுழைந்து நிமனைத் துரத்திவிட்டது. மரத்துப்போவதற்கு ஆங்கிலத்தில் 'நம்' என்கிறார்கள் அல்லவா, நிமன் விட்டுப்போன எச்சம் அது. சரி, இது உங்கள் கேள்விக்கு வெளியே.

அல்மக்கை நம் 'வாங்கு' என்று வைத்துக்கொள்ளுங்கள். 'எடு' என்று வைக்காதீர்கள். நாம் கடையில் ரொட்டி வாங்குகிறோம், ஆபீஸில் சம்பளம் வாங்குகிறோம், பரிசும் வாங்குகிறோம், தண்டனையும் வாங்குகிறோம். காசு கொடுத்துப் பெற்றாலும் சும்மா பெற்றாலும் ஒரே சொல். துருக்கியிலும் அப்படியே: எக்மெக் அல்மக், ரொட்டி வாங்குவது, மாஷ் அல்மக், சம்பளம் வாங்குவது. 'அலுப் கெல்திம்' என்றால் 'வாங்கிட்டு வந்தேன்'. அந்த 'உப்' நம் 'இட்டு' செய்கிற வேலையைத்தான் செய்கிறது. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல நடுவில் ஒரு 'அண்ட்' தேவைப்படும், நமக்கும் அவர்களுக்கும் வேண்டாம். ஆனால் எல்லாமே இப்படிப் பொருந்திவிடும் என்று நினைக்காதீர்கள். நாம் அடி வாங்குகிறோம், அவர்கள் அடியைத் தின்கிறார்கள்: தயக் யெமெக்.

இப்போது பஸ். வண்டியில் ஏறுவது பின்மெக், இறங்குவது இன்மெக். பஸ், கப்பல், விமானம், குதிரை, லிஃப்ட், எதுவானாலும் பின்மெக்தான். நான் தினமும் கடிக்கொய் பக்கம் சொகுத்லுசெஷ்மெயில் மெட்ரோபஸ் ஏறி மெர்தெரில் இறங்குவேன். ஏறுவதற்கு முன் வேற்றுமை உருபைக் கவனியுங்கள்: 'ஒத்தோபுஸெ' என்று 'எ' சேர்த்துச் சொல்ல வேண்டும், 'பஸ்ஸுக்குள்' என்கிற மாதிரி. இறங்கும்போது 'ஒத்தோபுஸ்தென்', பஸ்ஸிலிருந்து. வினையை மட்டும் மனப்பாடம் செய்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்பீர்கள்.

டாக்ஸிக்கு இன்னொரு சொல்லும் உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது: துத்மக். பிடிப்பது. தக்ஸி துத்மக் என்றால் டாக்ஸி பிடிப்பது. பலுக் துத்மக், மீன் பிடிப்பது. எவ் துத்மக், வாடகைக்கு வீடு பிடிப்பது. ஒருச் துத்மக் என்றால் நோன்பு பிடிப்பது, நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் சொல்கிற அதே மாதிரி. விக்கல் வந்தால் 'விக்கல் என்னைப் பிடித்தது' என்பார்கள். காரில் போனால் தலை சுற்றுகிறவர் 'பெனி அரபா துதார்' என்பார், கார் என்னைப் பிடிக்கும் என்று. பேய் பிடிப்பது மாதிரி! கடையில் மொத்தம் எவ்வளவு ஆச்சு என்று கேட்கவும் 'நெ கதர் துத்து?' தான். இதைவிட முக்கியம், இஸ்தான்புல்லில் யாரைச் சந்தித்தாலும் பத்து நிமிடத்தில் வந்துவிழும் கேள்வி: எந்தக் கால்பந்து அணியைப் பிடிக்கிறாய் (ஆதரிக்கிறாய்)? நீங்கள் கடிக்கொய்க்காரர் என்றால் அந்தப் பக்கத்து அணியான ஃபெனெர்பாஹ்செ என்று சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள். போட்டி அணியான பெஷிக்தாஷின் பேட்டையில் அதே பதிலைச் சொன்னால் தேநீர் கொஞ்சம் தாமதமாக வரும்.

மாத்திரைக்கு இச்மெக், குடிப்பது. 'இலாச் அல்தும்' என்றால் தப்பில்லை, ஆனால் மருந்துக்கடையில் வாங்கினீர்களா, வாயில் போட்டீர்களா என்பது தெரியாது. அதனால் 'இலாஜுனு இச்தின் மி?', மருந்தைக் குடித்தாயா என்றுதான் கேட்பார்கள், அது விழுங்குகிற மாத்திரையாகவே இருந்தாலும். மருந்துக்கடைக்காரர் பெட்டி மேல் பேனாவால் 'தோக்' அல்லது 'ஆச்' என்று எழுதித் தருவார். தோக் கர்னுனா என்றால் நிறைந்த வயிற்றில், ஆச் கர்னுனா என்றால் வெறும் வயிற்றில். சூப்பையும் குடிக்கிறார்கள், சிகரெட்டையும் குடிக்கிறார்கள். என் தாத்தா பீடி குடித்தவர், எனக்கு அதில் குழப்பமே வரவில்லை. சத்தியத்தையும் குடிக்கிறார்கள், அந்த் இச்மெக். அதற்கு மட்டும் கொஞ்ச நாள் பிடித்தது.

போட்டோ விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு நஷ்டம் ஆனது.

போட்டோ எடுப்பது செக்மெக். முதல் எழுத்தைப் 'பச்சை'யில் வருகிற ச்ச போல அழுத்திச் சொல்லுங்கள். அதன் அடிப்படைப் பொருள் இழுப்பது. கயிற்றை இழுப்பதும் அதுதான், பல் பிடுங்குவதும் அதுதான், ஏடிஎம்மில் பணம் எடுப்பதும் அதுதான். கலாத்தா பாலத்தில் யாராவது போனை நீட்டி 'பிஸி செக்கெர் மிஸினிஸ்?' என்று கேட்டால் 'எங்களை ஒரு போட்டோ எடுக்கிறீர்களா?' என்று பொருள். கஷ்டப்படுவதற்கும் செக்மெக், காப்பிக்கொட்டை அரைப்பதற்கும் செக்மெக். போனில் சிக்னல் இல்லை என்றால் 'செக்மியொர்', இழுக்கவில்லை. பரீட்சையில் காப்பி அடிப்பது கொப்யா செக்மெக், தண்ணி அடிப்பது கஃபா செக்மெக், அதாவது 'தலையை இழுப்பது'. நம் 'அடி'க்குத் துருக்கியில் ஒரு தம்பி இருக்கிறான் என்றால் அவன் இவன்தான். காப்பி, தண்ணி, போன், சைட் என்று நாம் அடிக்காதது என்ன இருக்கிறது?

நான் திருப்பூரிலிருந்து போன மெர்ச்சண்டைசர், ஆடை ஆர்டர்களை நூல் முதல் கப்பல் வரை கவனிக்கிற வேலை. மெர்தெர் முழுக்க ஆயத்த ஆடைக் கடைகள், அலுவலகங்கள். நாங்கள் துணி வாங்கிய ஒரு பின்னலாடை ஆலையில் துணி சோதிக்கிற பெரியவர் இருந்தார், எல்லோரும் அவரை 'உஸ்தா' என்போம், வேலை தெரிந்தவர் என்ற மரியாதையில். ஒருநாள் காலை போன். பின்னால் மெஷின் சத்தம். 'குமாஷ் செக்மிஷ்' என்றார். குமாஷ் என்றால் துணி. செக்மிஷ்? நான் புரிந்துகொண்டது: யாரோ துணியைப் போட்டோ எடுத்திருக்கிறார்கள். 'தமாம் (சரி) உஸ்தா, அனுப்புங்கள்' என்றேன். அலுவலகத்தில் 'துணி ஓகே, போட்டோ வருகிறது' என்றும் சொல்லிவிட்டேன். கட்டிங்குக்குத் துணி விரிக்க ஆரம்பித்தார்கள்.

மத்தியானம் மோட்டார்பைக் கூரியரில் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே துவைத்துக் காயவைத்த துணித்துண்டு, மேலே அழியாத மையில் ஒரு சதுரம். துவைப்பதற்கு முன் 50 சென்டிமீட்டருக்கு 50 போடுகிற அதே சதுரம். அளவுகோலை வைத்தேன். நீளவாக்கில் 45.5. அதாவது 9 சதவீதம் சுருங்கியிருக்கிறது, எங்களுக்கு அனுமதி 5 தான். துணி துவைத்தபின் சுருங்குவதற்கும் துருக்கியில் செக்மெக் என்று அப்போதுதான் தெரிந்தது! உஸ்தா சொன்னது 'துணி சுருங்கியிருக்கிறது'. விரித்த துணியை மறுபடி சுருட்டினோம். அரைநாள் போச்சு.

ஆனால் அன்றைக்கு என் காது ஏன் ஏமாந்தது என்று பிறகுதான் யோசித்தேன். 'துணியைப் போட்டோ எடுத்தான்' என்று சொல்வதாக இருந்தால் அவர் 'குமாஷு செக்மிஷ்' என்றிருக்க வேண்டும். அந்த 'உ' நம் 'ஐ' உருபு. புள்ளி இல்லாத ஐ என்று 1928 எழுத்துச் சீர்திருத்தத்தில் ஓர் எழுத்து வைத்தார்களே, அதன் ஒலி அது. உதட்டைக் குவிக்காமல் சொல்கிற உகரம். இங்கிலாந்துக்காரர்கள் இதைச் சொல்ல முக்கி முனகுவார்கள். நமக்கோ அது குற்றியலுகரம், பாட்டு, நாக்கு என்பதில் கடைசியில் வருகிறதே, அதே. சுலபமாக வந்துவிடும், அதனால்தான் ஆபத்து. நாம் பஸ் என்பதை பஸ்ஸு என்கிறவர்கள். மெய்யில் முடிந்த எந்தச் சொல்லுக்கும் காதே ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்ளும். உஸ்தா 'குமாஷ்' என்றார், நான் 'குமாஷு' என்று கேட்டேன். அவர் வாயில் துணி தானே சுருங்கியது, என் காதில் துணியை யாரோ படம் எடுத்தார்கள்.

கூடவே அந்த 'மிஷ்'ஷையும் சொல்லிவிடுகிறேன். கண்ணால் பார்க்காமல், பிறர் சொல்லியோ விளைவை வைத்தோ அறிந்ததற்குப் போடுவது. 'கெல்மிஷ்' என்றால் 'வந்தானாம்', 'வந்திருக்கிறான்' இரண்டும்தான். இந்த 'ஆம்' நம் வாயில் ஏற்கெனவே இருப்பதால் நாம் ஒரே நாளில் பிடித்துக்கொள்ளலாம்.

செக்மெக்கில் இன்னொன்று. குழந்தையைப் பார்த்து 'பாபாஸுனா செக்மிஷ்' என்பார்கள், அப்பனை உரித்து வைத்திருக்கிறது என்று. அவர்களிடம் ஒரு பழமொழி: 'ஓலான் தாயுயா, குஸ் ஹாலாயா செக்கெர்'. பையன் தாய்மாமனைப் போல வருவான், பெண் அத்தையைப் போல வருவாள். தாயு அம்மாவின் சகோதரன், அம்ஜா அப்பாவின் சகோதரன். ஹாலா அத்தை, தெய்ஸெ அம்மாவின் சகோதரி. ஆங்கிலம் வழியாகப் போனால் எல்லோரும் அங்கிளும் ஆன்ட்டியும் ஆகி, பழமொழியே செத்துவிடும். ('தாயு'வில் 'தாய்' இருப்பது தற்செயல். அதை வைத்து ஆராய்ச்சி எழுதிவிடாதீர்கள்.)

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நேரம் பிடிப்பது ஸுர்மெக். கொண்டு போவது கொத்துர்மெக், கொண்டு வருவது கெத்திர்மெக். நாம் போ, வா என்று பிரிப்பதால் இதில் தப்பு வராது. காலணி, சட்டை கழற்றுவது சுக்கர்மக், வாந்தி எடுப்பதும் அதுவே. யாரையாவது அடையாளம் தெரியாவிட்டாலும் 'சுக்கரமதும்', உங்களை 'வெளியே எடுக்க' முடியவில்லை என்பார்கள். விமானம் கிளம்புவது கல்க்மக், எழுந்திருப்பது.

இடைவேளையை அவர்கள் எடுப்பதில்லை, கொடுக்கிறார்கள்: ஆரா வெர்மெக். வெளியூர் பஸ் நெடுஞ்சாலை ஓட்டலில் நிற்கும்போது உதவியாளர் 'ஒத்துஸ் தக்கிக்கா மோலா' என்று குரல் கொடுப்பார், முப்பது நிமிடம். அந்த மோலாவும் 'கொடுப்பது'தான். வாக்குக் கொடுப்பதும் நம்மைப் போலவே, சொஸ் வெர்மெக்.

இதைப் படித்துவிட்டுப் பரீட்சைக்கும் வெர்மெக் போட்டுவிடாதீர்கள். இந்திய ஆங்கிலத்தில் 'எக்ஸாம் கொடுத்தேன்' என்று பேசிப் பழகியவர்கள் விழுகிற பள்ளம் இது. 'ஸுனவு வெர்திம்' என்றால் அவர்களுக்குப் 'பரீட்சையில் தேறிவிட்டேன்' என்று அர்த்தம். எழுதினேன் என்று மட்டும் சொல்ல 'ஸுனவா கிர்திம்', பரீட்சைக்குள் நுழைந்தேன். என் நண்பன் ஒருவன் மொழித்தேர்வு எழுதிய அன்றே வெர்திம் என்று சொல்லி, வீட்டுக்காரம்மா கொண்டாட பக்லவா இனிப்பு வாங்கி வந்துவிட்டார். முடிவு வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

அகராதி கேட்டிருந்தீர்கள். 1932-ல் தொடங்கிய துருக்கிய மொழி நிறுவனத்தின் அகராதி இணையத்தில் இலவசம். அதில் 'டேக்' என்று தேடாதீர்கள், கிடைக்காது. துத்மக் என்று தேடுங்கள், பக்கத்தில் ஒரு நோட்டில் 'பிடி' என்று எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பொருளுக்கும் தமிழில் நாம் என்ன சொல்வோம் என்று நிரப்புங்கள். நான் அப்படி மூன்று வினைதான் முழுதாக முடித்தேன்: துத்மக், அல்மக், செக்மெக். செக்மெக்குக்கு மட்டும் நோட்டில் நாலு பக்கம் ஆனது, முதல் வரியில் சிவப்பு மையில் 'துணி சுருங்கும்'.