நிலவு ஒரு நாள் முந்துவது பழுதன்று

வணக்கம். மூன்று ஆண்டுகளாக நிற்காமல் ஓடும் உங்கள் தானியங்கிக் கைக்கடிகாரத்தில் நேரம் சரியாக இருந்தும், வளர்பிறை தேய்பிறையைக் காட்டும் நிலவு மட்டும் ஒரு நாள் முந்திவிட்டதாகவும், இயந்திரத்தைப் பிரிக்க வேண்டுமெனக் கடைக்காரர் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். இதற்காகப் பிரிக்கக் கொடுக்காதீர்கள்.

இவ்வகைக் கடிகாரங்கள் பெரும்பாலானவற்றில், இரண்டு நிலவுகள் வரைந்த தட்டு 59 பற்களுடன் நாளுக்கு ஒரு பல் வீதம் நகர்வதால், தட்டின் அரைச் சுற்றான ஒரு நிலவுச் சுழற்சிக்கு 29.5 நாள் என்றே கணக்காகிறது. வானத்து நிலவோ ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்குச் சராசரியாக 29 நாள், 12 மணி, 44 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. மிஞ்சும் அந்த 44 நிமிடமே சேர்ந்து சேர்ந்து, ஏறத்தாழ 2 ஆண்டு 8 மாதத்தில் ஒரு முழு நாளாகிறது. 135 பற்கள் கொண்ட அமைப்பில் இதே பிழை சேர 122 ஆண்டுகள் ஆகும். ஜெர்மனியின் லாங்கே நிறுவனத்தின் டெர்ராலூனா கடிகாரத்திலோ 1,058 ஆண்டுகள். வெறும் பல்சக்கரங்களால் இதைச் சாதித்திருப்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

திருத்தும் பொத்தான் நிலவை முன்னோக்கி மட்டுமே நகர்த்தும் என்பதால், கடிகாரத்தைக் கழற்றிவைத்து, கையசைவு இல்லாமல் அது தானாக நின்றபின் மேலும் இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பிறகு முட்களைக் காலை 6 மணிக்குக் கொண்டுவந்து, நாட்காட்டியில் கடைசிப் பௌர்ணமியைப் பார்த்து, அன்றிலிருந்து கடந்த நாட்களுக்கேற்ப நிலவை நகர்த்துங்கள். முட்கள் இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் இருக்கும்போது மட்டும் பொத்தானை அழுத்தவே கூடாது. அப்போது பற்கள் ஒன்றோடொன்று கோத்திருப்பதால் உடையக்கூடும்.